கம்பெனியா, காவல் நிலையமா, கோர்ட்டா: இணையத்தில் சட்டவிரோதமான ஒன்றைக் கண்டால் முதலில் எங்கே போவது?

"தங்கச்சி போட்டோவை எடுத்துப் போலி ஐடி ஆரம்பிச்சிருக்கான், கம்பெனிக்கே எழுதறதா, போலீஸுக்குப் போறதா?"

கடலூரில் இ-சேவையும் ஜெராக்ஸும் சேர்ந்த கடை நடத்துகிறேன். இந்தக் கேள்வி வேறு வேறு உருவத்தில் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. மார்ஃபிங் செய்த படம், லோன் ஆப்காரன் காண்டாக்ட் லிஸ்டில் இருக்கிற எல்லாருக்கும் அனுப்பிய அசிங்கமான மெசேஜ், பிரிந்துபோன காதலன் டெலிகிராமில் போட்டுவிட்ட வீடியோ, பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்று ஆள் சேர்க்கும் டிரேடிங் குரூப். கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஓர் இடத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள். கம்பெனி "எங்கள் விதிமுறைகளை மீறவில்லை" என்று பதில் அனுப்பியிருக்கும், அல்லது கோர்ட் ஆர்டர் கொண்டு வா என்றிருக்கும். ஸ்டேஷனில் "அதை ரிப்போர்ட் அடிச்சுடுங்கம்மா, போயிடும்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். நீக்குவது கம்பெனியின் கடமை, ஆளைப் பிடிப்பது அரசின் கடமை, இரண்டும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஒருவர் வேலையை மற்றவர் தலையில் தள்ளும்போது நாம் தலையாட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் கேள்வி, அது எவ்வளவு சீக்கிரம் மறைய வேண்டும் என்பது. அந்தரங்கப் படம் என்றால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு, ஊரில் நாலு குரூப்புக்குப் போய்விட்டால் அப்புறம் எந்த உத்தரவும் முழுசாகத் திரும்ப வாங்கித் தராது. இரண்டாவது, போட்டவனைக் கண்டுபிடிக்க வேண்டுமா. சிலருக்குப் படம் போனால் போதும், சிலருக்கு அவனை விட்டால் நாளைக்கு மறுபடியும் போடுவான் என்று தெரியும். மூன்றாவது, பெயர் வெளியே போகாமல் இருக்குமா. நம் ஊர்ப் பக்கம் பாதிப் பேர் புகாரே கொடுக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பணமும் அலைச்சலும் நாலாவது.

ஐந்தாவது ஒன்று இருக்கிறது, அவசரத்தில் இருக்கிறவர்களுக்கு அது தோன்றாது. சட்டவிரோதம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? குழந்தையின் பாலியல் படம் என்றால் பார்த்த மாத்திரத்தில் தெரியும், விசாரணை தேவையில்லை. ஒரு கவுன்சிலர் லஞ்சம் வாங்கினார் என்று ஒருவர் எழுதினால் அது அவதூறா உண்மையா என்று கம்பெனியில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குத் தெரியாது, போலீஸும் சொல்லக் கூடாது. கீழே வருகிற எல்லா வழிகளுக்கும் இந்த வித்தியாசம் அடிப்படை.

| வழி | வேகம் | ஆள் பிடிபடுவானா | பெயர் ரகசியம் | செலவு |
|---|---|---|---|---|
| கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி | அதிகம் | மாட்டான் | இருக்கும் | இல்லை |
| ஹாஷ் தளங்கள் (படத்துக்கு அடையாள எண் போட்டுத் தடுப்பவை) | பரவும் முன்பே தடுக்கும் | மாட்டான் | முழுதாக இருக்கும் | இல்லை |
| சைபர் கிரைம் புகார் | நடுத்தரம் | வாய்ப்பு உண்டு | ஓரளவு | அலைச்சல் |
| மேல்முறையீட்டுக் குழு | மெதுவு | மாட்டான் | இருக்கும் | இல்லை |
| உயர் நீதிமன்றம் | வழக்கைப் பொறுத்தது | நேரடியாக இல்லை | கேட்டால் கிடைக்கும் | வக்கீல், பயணம் |

## கம்பெனியிடம் போவது

இதில் இரண்டு கதவு இருக்கிறது, பெரும்பாலோர் தப்பான கதவைத் தட்டுகிறார்கள். போஸ்ட்டின் மூலையில் இருக்கிற ரிப்போர்ட் பட்டன் கம்பெனியின் சொந்த விதிமுறைப்படி வேலை செய்கிறது, பெரும்பாலும் இயந்திரம்தான் பார்க்கும். குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதும் புகார் அப்படி இல்லை, அது இந்தியச் சட்டப்படி வரும் புகார். 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் ஒவ்வொரு தளமும் இப்படி ஓர் அதிகாரியை வைக்க வேண்டும் என்கின்றன. 50 லட்சத்துக்கு மேல் பயனாளர்கள் உள்ள பெரிய தளம் என்றால் அவர் இந்தியாவிலேயே குடியிருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தரங்க உறுப்பு தெரியும் படம், பாலியல் காட்சி, ஆள்மாறாட்டம், மார்ஃபிங் ஆகியவற்றுக்குத் தனிக் கெடு உண்டு. 2021 விதிகள் 24 மணி நேரம் என்று வைத்தன. பின்னால் வந்த திருத்தங்கள் கெடுவைக் குறைத்தே வந்திருக்கின்றன, அதனால் 24 மணி நேரத்தை உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவரே எழுத வேண்டும் என்றும் இல்லை, அவர் சார்பாக அண்ணனோ தோழியோ எழுதலாம்.

இப்போது அந்த "கோர்ட் ஆர்டர் கொண்டு வா" பதிலுக்கு வருவோம். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் எப்போது சரி, எப்போது தப்பு என்று தெரியும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு, பிறர் போட்டதற்குத் தளம் பொறுப்பில்லை என்று பாதுகாப்புக் கொடுக்கிறது. சட்டவிரோதம் என்று தெரிந்தும் நீக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், "தெரிந்தும்" என்பதற்குக் கோர்ட் உத்தரவோ அரசு அறிவிக்கையோ வந்தால்தான் கணக்கு என்று விளக்கம் சொன்னது. கோடிக்கணக்கான புகாரில் எது நியாயம் என்று கம்பெனி தீர்ப்பு எழுத முடியாது என்ற காரணம் சரியானதுதான். ஆனால் அந்தரங்கப் படத்துக்கும் ஆள்மாறாட்டத்துக்கும் 2021 விதிகள் தனியாக வழி வைத்துவிட்டன, அங்கே பாதிக்கப்பட்டவரின் புகாரே போதும். எனவே அவதூறுப் பதிவுக்குக் கோர்ட் ஆர்டர் கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். மார்ஃபிங் படத்துக்குக் கேட்டால் விதி 3(2)(பி) என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள்.

மறைந்திருக்கும் விலை ஒன்று உண்டு. நீக்கியதும் ஆதாரமும் கண்ணிலிருந்து போய்விடும். நீக்கியதையும் அது சம்பந்தப்பட்ட தகவலையும் தளம் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் அதைக் கேட்டு வாங்க போலீஸ் எழுத வேண்டும். அரை வருஷம் கழித்து மனசு மாறி ஸ்டேஷனுக்குப் போனால் கையில் எதுவும் இருக்காது. அதனால் ரிப்போர்ட் அடிக்கும் முன் ஆதாரம் எடுங்கள், அதையும் ஒழுங்காக எடுங்கள்.

ஒழுங்காக என்றால் என்ன? என்னிடம் வரும் ஸ்க்ரீன்ஷாட்டுகளில் பெரும்பாலானவை படமும் மேலே ஒரு பெயரும் மட்டும் தெரியும்படி இருக்கும். அந்தப் பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள், போலீஸுக்கு அது உதவாது. அக்கவுன்ட்டின் யூசர்நேம் தெரிய வேண்டும், லிங்க் வேண்டும். இன்ஸ்டாகிராம் என்றால் ப்ரொஃபைலில் மூன்று புள்ளியை அழுத்தி லிங்க்கைக் காப்பி செய்யலாம், அந்தக் குறிப்பிட்ட போஸ்ட்டின் லிங்க்கைத் தனியாக எடுக்க வேண்டும். முடிந்தால் கம்ப்யூட்டரில் திறந்து, முகவரிப் பட்டையும் கீழே தேதியும் மணியும் சேர்ந்து தெரியும்படி பிடியுங்கள். யாருக்காவது வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அந்த போனை ரீசெட் செய்யவோ விற்கவோ வேண்டாம். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆவது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அப்போது அந்த போனே தேவைப்படும்.

வாட்ஸ்அப் தனிக் கதை. மெசேஜ் பூட்டப்பட்டே போவதால் கம்பெனி உள்ளே பார்க்க முடியாது. நீங்கள் ரிப்போர்ட் அடித்தால் அந்த ஆள் அனுப்பிய கடைசி ஐந்து மெசேஜ் கம்பெனிக்குப் போகும், அவ்வளவுதான். முதலில் அனுப்பியவன் யார் என்று கண்டுபிடித்துத் தரும்படி 2021 விதிகள் கேட்டதை எதிர்த்து அந்த நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

## ஹாஷ் தளங்கள்

இது பலருக்குத் தெரியாது, தெரிய வேண்டும். படம் இன்னும் வெளியே வரவில்லை, ஆனால் "போட்டுவிடுவேன்" என்று மிரட்டுகிறான் என்கிற நிலைமைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ, பிரிட்டனில் உள்ள உதவி மையம் 2021 டிசம்பரில் தொடங்கியது. பதினெட்டுக்குள் எடுத்த படம் என்றால் டேக் இட் டவுன், அமெரிக்காவின் காணாமல்போன குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023-இல் கொண்டு வந்தது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே படத்துக்கு விரல் ரேகை போல ஓர் எண் உருவாகும், அதுதான் ஹாஷ், அந்த எண் மட்டும்தான் போகும். சேர்ந்திருக்கிற தளங்களில் யாராவது அதே படத்தைப் போட முயன்றால் பொருத்தம் பார்த்துத் தடுத்துவிடுவார்கள்.

குறை என்னவென்றால் படம் உங்களிடம் இருக்க வேண்டும், படத்தை நிறைய மாற்றிவிட்டால் எண் பொருந்தாமல் போகலாம், சேராத தளங்களில் இது செல்லாது. ஆபாச வெப்சைட்டுகளில் கணிசமானவை எதிலும் சேர்வதில்லை.

## அரசிடம் போவது

அரசிடம் போவதன் பலன் தெளிவானது. ஐபி முகவரி, பதிவு செய்த போன் நம்பர், சிம் யார் பெயரில் என்பதெல்லாம் போலீஸ் கேட்டால்தான் வரும். சட்டப்படி போலீஸ் எழுதிக் கேட்டால் தளம் 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். மிரட்டிப் பணம் பறித்தால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 308, ஒளிந்து படம் எடுத்தால் 77, பின்தொடர்ந்தால் 78, பாலியல் காட்சியைப் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ என்று பிரிவுகள் இருக்கின்றன. 67ஏ-யில் முதல் தடவைக்கே ஐந்து வருஷம் வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம்.

2019-இல் வந்த தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் ஆன்லைனிலேயே புகார் போடலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான பகுதியில் பெயர் சொல்லாமலும் போடலாம், ஆனால் அப்படிப் போட்டால் புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று பின்தொடர முடியாது. போர்ட்டலில் போட்ட புகார் எஃப்ஐஆர் ஆகிவிடாது, எஃப்ஐஆர் வேண்டும் என்றால் ஸ்டேஷனில் பதிய வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டப்படியான குற்றத்தை இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பது 78-ஆவது பிரிவு. அதனால் பக்கத்து ஸ்டேஷனில் எஸ்ஐ கையை விரித்தால் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரே போவது நல்லது.

நம் பக்கம் ஒரு விசேஷச் சிக்கல் உண்டு. முள்ளோடை, கன்னியக்கோயில் புதுச்சேரி, ரெட்டிச்சாவடி தமிழ்நாடு. பஸ்ஸில் போகும்போது எல்லை தாண்டியதே தெரியாது, ஆனால் போர்ட்டலில் மாநிலம், மாவட்டம் என்று கேட்கும். பாகூர் பெண் கடலூரில் படிக்கிறாள் என்று கடலூரைப் போட்டால் புகார் தமிழ்நாடு போலீஸுக்குப் போய், அங்கிருந்து மாறி வர நாள் ஆகும். நிரந்தரமாக இருக்கிற ஊரைப் போடுங்கள். நேரில் போனால் "இது எங்க லிமிட் இல்ல" என்று அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆவது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது.

நீக்கும் வேகத்தில் அரசு ஏன் பின்தங்குகிறது? 2024 அக்டோபரிலிருந்து சஹ்யோக் என்ற போர்ட்டல் வழியாகப் போலீஸ் தளங்களுக்கு நீக்க நோட்டீஸ் அனுப்புகிறது. யார் வேண்டுமானாலும் அனுப்பினால் ஆபத்து என்பதால், போலீஸ் தரப்பில் டிஐஜி அந்தஸ்துக்குக் குறையாத, அதற்கென அதிகாரம் பெற்றவர்தான் அனுப்பலாம் என்று 2025 அக்டோபரில் விதியைத் திருத்தினார்கள். நல்ல திருத்தம். ஆனால் மாவட்ட இன்ஸ்பெக்டர் தானே அனுப்ப முடியாது, மேலே போய் வர வேண்டும், அதற்குள் கம்பெனியின் கெடு முடிந்திருக்கும்.

அந்தக் கட்டுப்பாடு ஏன் வேண்டும் என்பதற்குப் புதுச்சேரியே சாட்சி. 2012 அக்டோபரில், ஒரு மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் போட்டதற்காக அங்கே சிறுதொழில் நடத்தும் ஒருவரைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் கைது செய்தார்கள். "எரிச்சலூட்டும்" செய்தி அனுப்பினாலே சிறை என்று எழுதியிருந்த பிரிவு அது. 2015 தீர்ப்பு அதை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. எது சட்டவிரோதம் என்று முடிவு செய்யும் வேலையை முழுசாகப் போலீஸிடம் கொடுத்துவிடலாம் என்று கோபத்தில் பலர் சொல்கிறார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். புதுச்சேரிக்காரர் ஒருவர் அதன் விலையைக் கொடுத்திருக்கிறார்.

## மேல்முறையீட்டுக் குழுவும் உயர் நீதிமன்றமும்

குறைதீர்ப்பு அதிகாரி மறுத்தாலோ பதிலே போடாவிட்டாலோ மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. 2023 ஜனவரியில் மூன்று குழுக்கள் அமைத்தார்கள். 30 நாளுக்குள் ஆன்லைனில் முறையிட வேண்டும், கட்டணம் கிடையாது. போலி அக்கவுன்ட், உங்கள் கணக்கையே தப்பாக முடக்கியது போன்றவற்றுக்குப் பொருந்தும். அந்தரங்கப் படத்துக்கு இதைக் காத்திருக்க வேண்டாம், இங்கே முடிவுக்கே 30 நாள் வரை போகும்.

நீதிமன்றம் கடைசி வழி, ஆனால் படம் ஒரு தளத்தில் நீக்கினால் இன்னொன்றில் முளைக்கிறது என்கிற கட்டத்தில் அதுதான் முதல் வழி. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒரே சென்னை உயர் நீதிமன்றம்தான். 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்க வீடியோக்கள் தளம் தளமாகப் பரவியபோது, 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு இந்த நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து அந்த ஆண்டு நவம்பரில் இப்படிப்பட்ட படங்களை நீக்குவதற்கான நடைமுறையை மத்திய அமைச்சகம் வெளியிட்டது. ஒருவர் போட்ட வழக்கு எல்லாருக்கும் பாதை போட்டுவிட்டது. செலவுக்குப் பயப்படுகிறவர்கள் 15100-க்கு அழைத்து இலவச சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

## எந்த நிலைமைக்கு எது

அந்தரங்கப் படம், மார்ஃபிங், போலி ஐடி: ஆதாரம், உடனே குறைதீர்ப்பு அதிகாரி, அதே நாளில் போர்ட்டல். மிரட்டல் மட்டும்தான் என்றால் ஹாஷ் தளம், பிறகு போலீஸ். பணம் மட்டும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடியும் கேட்பான்.

பணமோசடி: இங்கே வரிசை தலைகீழ். கம்பெனிக்கு எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம், சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் வங்கியில் நிறுத்தி வைக்க அது ஒன்றுதான் வழி. அந்த குரூப்பைப் பற்றி அப்புறம் ரிப்போர்ட் அடிக்கலாம்.

குழந்தைகள் சம்பந்தப்பட்ட பாலியல் படம்: இதில் மேலே சொன்ன ஆதாரப் பாடம் செல்லாது, தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுக்க வேண்டாம், சேமிக்க வேண்டாம், "பாருங்க எப்படி அனுப்பறான்" என்று யாருக்கும் ஃபார்வர்ட் செய்ய வேண்டாம். வைத்திருப்பதே போக்சோ 15-ஆவது பிரிவில் குற்றமாகலாம். தரவிறக்கி வைத்திருந்த ஒருவர் மீதான வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது, 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. லிங்க்கை மட்டும் குறித்துக்கொண்டு போர்ட்டலில் கொடுங்கள், குழந்தை யார் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் போக்சோவில் குற்றம். கம்பெனிகளும் இதில் சும்மா இருக்க முடியாது. அமெரிக்கத் தளங்கள் மேலே சொன்ன, குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்குத் தகவல் தர வேண்டும், அது 2019 ஒப்பந்தப்படி இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு வரும்.

அவதூறு, அரசியல் சண்டை, சாதி பற்றிய வசை: முதல் இரண்டுக்கும் நேரே வக்கீலிடம் போவதுதான் சரி. சாதியைச் சொல்லித் தாக்கினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, அதற்குப் போலீஸ்.

கம்பெனிகளின் பொறுப்பைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. ஐரோப்பாவில் 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள டிஜிட்டல் சேவைகள் சட்டத்தில், மீறினால் உலக வருவாயில் ஆறு சதவீதம் வரை அபராதம். அமெரிக்காவில் 2025 மே மாதச் சட்டம் அந்தரங்கப் படத்துக்கு 48 மணி நேரக் கெடு வைத்தது. இங்கே கெடு அதைவிடக் கடுமை, ஆனால் மீறினால் 79-ஆவது பிரிவின் பாதுகாப்பு போகும் என்பதுதான் தண்டனை, அதைப் பயன்படுத்தப் பாதிக்கப்பட்டவரே வழக்குப் போட வேண்டும். கெடு தவறிய ஒவ்வொரு புகாருக்கும் அபராதம் என்று வைத்தால், குறைதீர்ப்பு அதிகாரியின் முகவரியை ஆப்பின் அடியில் தேட வேண்டிய நிலைமை மாறும் என்று நம்புகிறேன்.

## ஸ்டேஷனில் வாங்க மறுத்தால்

வாய்த்தகராறு வேண்டாம். புகாரின் ஒரு நகலை எஸ்பி-க்கு எழுத்தில் அனுப்புங்கள், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4) அந்த உரிமையைத் தருகிறது. கடலூரானாலும் புதுச்சேரியானாலும் இதே பிரிவுதான். யார் எந்த ஸ்டேஷனில் என்ன சொன்னார்கள், என்றைக்கு, லிங்க் என்ன, கம்பெனிக்கு எழுதிய புகார் எண் என்ன என்று ஒரு பக்கத்துக்குள் எழுதினால் போதும். ஸ்பீட் போஸ்டில் போட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் அடுத்து மாஜிஸ்திரேட், அங்கே வக்கீல் உங்களிடம் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.